சீசாவில் இருந்த இறால் குஞ்சுகள்

பிள்ளைகளா,

போன வாரம் உங்கள் பள்ளிக்கூடத்தில் கடலைப் பற்றிப் பேச ஒரு ஆபீசர் வந்தாரே, அந்தக் கூட்டத்தின் நடுவில் நான் எழுந்து வெளியே போனது உங்களுக்கு வெட்கமாகிவிட்டது என்று உங்கள் அம்மா சொன்னாள். பெற்றோருக்கென்று முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். அங்கேயிருந்து ஒருவன் எழுந்து நடந்தால் எல்லார் கண்ணிலும் படத்தான் செய்யும். “எவ்வளவு அழகாப் பேசுனாரு, அய்யாவுக்கு மட்டும் ஏன் பிடிக்கல” என்று சின்னவள் கேட்டாளாம்.

அவர் அழகாகத்தான் பேசினார். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே சிரிக்க வைக்க வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்று தெரிந்து பேசினார். அந்த வித்தை எனக்குத் தெரியும். அதை ஒருவருக்குக் கற்றுக்கொடுத்த பெஞ்சில் நானும் உட்கார்ந்திருந்தேன். உங்கள் பெரியய்யா ஏன் நம் வீட்டுப் பக்கம் வருவதில்லை என்று நீங்கள் பல தடவை கேட்டிருக்கிறீர்கள். நானும் ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கிறேன். இந்த இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். வாயால் சொன்னால் கோபம் முந்திக்கொள்கிறது. அதனால் எழுதுகிறேன். நான் எட்டாவது வரை படித்தவன். பிழை இருந்தால் பெரியவன் திருத்திக்கொள்ளட்டும். கடைசியில் எழுதியிருப்பதை மட்டும் பெரியய்யா காதில் போட வேண்டாம்.

நீங்கள் கைப்பிள்ளைகளாக இருந்த காலம். சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும். மண்டபத்தில் கடலை ஆராய்கிற ஒரு ஆபீசில் நான் அட்டெண்டர். மேசை துடைப்பது, மீன் ஊறுகிற சீசாக்களுக்கு ஸ்பிரிட் மாற்றுவது, கூட்டம் நடந்தால் படம் காட்டுகிற விளக்குப் பெட்டியைத் தூக்கிப்போய் வைத்துக் கண்ணாடிப் படங்களை ஒவ்வொன்றாகச் செருகுவது, இவைதான் என் வேலை.

அப்போது அங்கே தலைமையில் இருந்தவரைப் பெரிய சார் என்போம். வயதானவர், வெற்றிலை போடுகிறவர். அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. கடலில் ஒன்றைக் கண்டுபிடித்தவன் அதை மூன்று விதமான ஆட்களுக்கு எடுத்துச் சொல்லத் தெரிந்தவனாக இருக்க வேண்டும் என்பார். தன்னைப்போலப் படித்தவர்களுக்கு ஒரு பேச்சு. அதிகாரிகளுக்கும் வியாபாரிகளுக்கும் ஒரு பேச்சு. கடலில் இறங்குகிறவனுக்கு ஒரு பேச்சு. அதற்காகச் சனிக்கிழமை மத்தியானம் பழக்கம் நடக்கும். புதிதாக ஆராய்ச்சிக்கு வந்த இளைஞர்கள் எழுந்து நின்று பேசிக் காட்ட வேண்டும். முன்னால் நாற்காலிகளில் மற்ற ஆராய்ச்சிக்காரர்கள். பின்னால் ஒரு பெஞ்சில் நான், கேண்டீன் சமையல்காரர், ஆபீஸ் லாஞ்ச் படகை ஓட்டுகிறவர், கூட்டிப் பெருக்குகிற அம்மா.

பெஞ்சுக்கு முன்னால் ஒரு தகர வாளி இருக்கும். எங்கள் கையில் ஆளுக்குக் கொஞ்சம் சிப்பி ஓடு. பேச்சில் புரியாத இடம் வந்தால் நாங்கள் வாயைத் திறக்கக் கூடாது, ஒரு சிப்பியை வாளியில் போட வேண்டும். டங் என்று சத்தம் கேட்டதும் பேசுகிறவர் நிறுத்தி, சொன்னதையே வேறு மாதிரி சொல்ல வேண்டும். இங்கிலீஷ் பேச்சு வரும்போது எங்கள் வாளிக்கு ஓய்வு. ஆனாலும் எழுந்து போக முடியாது. பேச்சு முடிந்ததும் பெரிய சார் அதைத் தமிழில் நாலு வார்த்தையில் எங்களுக்குச் சொல்லிவிட்டு, “போன வாரம் உங்ககிட்ட இவர் சொன்னதும் இதுவும் ஒண்ணுதானா, வேறயா?” என்று கேட்பார். ஒன்றுதான் என்று நாங்கள் சொன்னால்தான் அந்த ஆள் வெளியே போய்ப் பேசலாம். இந்தக் கடைசிக் கேள்வி எதற்கு என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. வயசானவரின் வழக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் பட்டணத்துப் பிள்ளை. மெலிந்த உடம்பு, தடித்த கண்ணாடி, மை ஒட்டிய விரல். இறாலைப் பற்றி ஆராய வந்தவர். முதல் சனிக்கிழமை எழுந்து நின்று, “இறாலின் இளநிலைப் பருவ வாழிடத் தேர்வு குறித்து” என்று தொடங்கினார். டங், டங் என்று பெஞ்சு முழுவதும் போட்டது.

“எந்த வார்த்தை புரியல, சொல்லுங்க” என்றார் பாவம்.

சமையல்காரர் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு, “இறால் புரிஞ்சுது சார். அதுக்குப் பொறவு சொன்னதுதான் ஒண்ணும் புரியல” என்றார்.

நாற்காலிக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் மறுபடி தொடங்கினார். வாளி நிறைந்துகொண்டே வந்தது. பெருக்குகிற அம்மா தன் சிப்பி தீர்ந்துபோய் என்னிடம் கைமாற்று வாங்கினாள். கூட்டம் முடிந்து நான் வாளியைக் கவிழ்க்கப் போனபோது அவர் பின்வாசலில் தனியாக நின்றார்.

“பேசாம ஊருக்கே போயிடலாம்னு தோணுதுப்பா.”

“ஊருல மட்டும் என்ன சார், அங்கயும் எவனாச்சும் வாளி வச்சிருப்பான்” என்றேன்.

சிரித்துவிட்டார். அதிலிருந்து என்னோடு ஒட்டிக்கொண்டார். சாயங்காலம் வேலை முடிந்ததும் என்கூடவே நம் குடியிருப்புக்கு நடந்து வருவார். அங்கே வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பேசுகிறவர்களின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்.

என் அண்ணன், உங்கள் பெரியய்யா, அன்றைக்கு நம் கரையில் கரைவலைக்குத் தலைவர். வலையைக் கடலில் வளைத்துப் போட்டுக் கரையில் நின்று ஊரே சேர்ந்து இழுக்கிற வலை அது. எப்போது போடுவது, எப்போது இழுப்பது என்பதெல்லாம் அவர் வாய்தான். அந்த வாய் யாரையும் விட்டுவைக்காது.

“ஏலே தம்பி, யாருலே இந்தக் கண்ணாடிப் பூச்சி?”

“ஆபீஸ் சாருண்ணே. இறாலப் பத்திப் படிக்கிறாக.”

“இறாலப் படிக்கிறாகளா. நல்லது. நாங்க அதத் திங்கிறதோட நிறுத்திக்கிட்டோம்.”

அந்த ஆள் கோபப்படவில்லை. மறுநாளும் வந்தார். மழைக்காலம் போய் வெயில் வருவதற்குள் அவர் பேச்சு மாறிப்போயிற்று. கேட்கிறவன் கையில் என்ன வைத்திருக்கிறானோ அதிலிருந்து தொடங்கக் கற்றுக்கொண்டார். முகத்தைப் பார்த்துப் பேசக் கற்றுக்கொண்டார். ஒரு சனிக்கிழமை ஒரு கண்ணாடிச் சீசாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெஞ்சுக்கு முன்னால் வந்து நின்றார். உள்ளே கடல் தண்ணீர். அதற்குள் நகக்கண் அளவுக்கு இறால் குஞ்சுகள் துள்ளிக்கொண்டிருந்தன.

“தாய் இறால் ஆழத்துல முட்டை போடுது. குஞ்சு கரைக்கு வந்து புல்லுக்குள்ள ஒளிஞ்சு வளருது. வளந்த பிறகு மறுபடி ஆழத்துக்குப் போகுது. அந்தப் புல்லுதான் இதுக்குத் தொட்டில். தொட்டிலைக் கவுத்துட்டா பிள்ளை எங்கேயிருந்து வரும்?”

ஒரு சிப்பியும் விழவில்லை. என் கையில் இருந்ததைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, இதை உங்கள் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். நான் படித்துப் பாஸ் பண்ணின மாதிரி இருந்தது.

அவர் கண்டுபிடித்தது நம் கரையைப் பற்றியது. நம் மாதா கோயிலுக்கு நேரே வடகடலில் ஒரு கடல்புல் திட்டு இருக்கிறது அல்லவா, அங்கேதான் சுற்றுவட்டாரத்து இறால் குஞ்செல்லாம் வளர்கிறது. கரைவலை அதன்மேல் வரும்போது குஞ்சையும் வாரிக்கொண்டு வருகிறது. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசுகிற மாசங்களில் அந்தத் திட்டை விட்டுவைத்தால் வரும் வருஷங்களில் கரை முழுவதும் இறால் பெருகும் என்றார்.

கேட்கச் சின்ன விஷயம்தான். ஆனால் கச்சான் அடிக்கிறபோது தென்கடல் கொந்தளிக்கும். அந்த மாசங்களில் வடகடல்தான் நமக்கு அடுப்பெரிய வைப்பது. அந்தத் திட்டுத்தான் கரைவலைக்கு நல்ல இடம். அதை விடு என்பது சோற்றில் பாதியை எடுத்து வைத்துவிடு என்பதுதான். ஊர் கேட்குமா என்று சார் பெரியய்யாவிடம் போய்க் கேட்டார். பெரியய்யா சீசாவை வாங்கி வெயிலில் தூக்கிப் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

“இத எங்கிட்டச் சொல்லிப் பிரயோசனம் இல்ல சார். ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சதும் கோயில் படியில நின்னு சொல்லுங்க. நானும் கூட நிக்கிறேன்.”

கோயில் படி என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். சாருக்குத் தெரியாது. திரும்பி நடக்கும்போது நானே சொன்னேன். “சார், பூசை முடிஞ்சு அந்தப் படியில நின்னு ஒண்ணச் சொன்னா அது பேச்சு இல்ல, வாக்கு. கேட்டவுகளையும் கட்டும், சொன்னவுகளையும் கட்டும். அப்புறம் அத அவுக்கணும்னா சொன்ன அதே ஆளுக அதே படியில சேந்து நின்னு அவுக்கணும். இல்லாட்டி அடையாளத்துக்கு நட்ட கொம்பக் கடலே சாய்ச்சுரணும். வேற வழி இல்ல.”

அவர் நின்று என்னைப் பார்த்தார். முகமெல்லாம் சந்தோஷம். “பிரமாதம். அப்ப அங்கேதான் சொல்லணும். மனசுல அப்படியே நிக்கும்” என்றார்.

நான் எச்சரிக்கை சொன்னேன். அதை அவர் யோசனையாக எடுத்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை படியில் மூன்று பேர் நின்றார்கள். சார், பெரியய்யா, நம் கோயில் உபதேசியார். சார் சீசாவைக் கூட்டத்துக்குள் கொடுத்துவிட்டார். பெண்கள் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். “இது உங்க பிள்ளைங்க திங்கப்போற சோறு” என்றார். தொட்டில் கதையைச் சொன்னார். ஒரு கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பெரியய்யா எல்லார் சார்பாகவும் கேட்டார்.

“நாங்க வலை போடாம இருந்துருவோம் சார். அசலூர்க்காரன் வந்து வாரிட்டுப் போனா?”

“இந்தப் புல்லைக் காப்பாத்தணும்னு சொல்றதுக்குத்தானே நான் இவ்வளவு தூரம் வந்து நிக்கிறேன்” என்றார் சார்.

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்து அடங்கியது. சரி என்று அர்த்தம். அந்தப் பதிலை நான் பிற்பாடு எத்தனையோ முறை திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு வாக்கும் இல்லை. ஆனால் நின்றது அந்தப் படி. சார் ஒரு பேச்சுப் பேசினார், எங்கள் ஊர் ஒரு வாக்கு வாங்கிக்கொண்டது.

உபதேசியார் கட்டுப்பாட்டை உரக்கச் சொன்னார். மீறினவன் கோயில் விளக்குக்கு எண்ணெய் ஊற்ற வேண்டும், அவன் மீனை ஊரில் யாரும் வாங்கக் கூடாது. பெரியய்யா தன் வத்தைப் படகின் பழைய பாய்மரத்தைத் தூக்கிக்கொண்டு போய்த் திட்டின் விளிம்பில் நட்டு, மாதா திருவிழாவுக்குக் கட்டின நீலத் துணியில் ஒரு கிழிசலை உச்சியில் முடிந்தார். கரையிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும்.

அந்தக் கச்சான் காலம் கஷ்டப்பட்டது நிஜம். பெண்கள் தண்ணீர்க் கிணற்றடியில் உங்கள் பெரியம்மாவைக் குத்திப் பேசினார்கள். “உங்க வீட்டு ஆம்பள எறாலுக்குத் தொட்டில் கட்டிட்டாக. எங்க வீட்டுத் தொட்டில்ல கெடக்குறதுக்குக் கஞ்சி யாரு ஊத்துவா?” என்று ஒருத்தி கேட்டாளாம். ஆனாலும் ஒரு வலையும் அங்கே விழவில்லை.

அதற்குள் பெரிய சார் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். புதிதாக வந்தவருக்கு வாளிச் சத்தம் பிடிக்கவில்லை. படித்தவர்களுக்கான பேச்சை அட்டெண்டர் எதற்குக் கேட்க வேண்டும், கடற்கரைப் பேச்சுக்கு ஆராய்ச்சிக்காரர்கள் எதற்கு நேரத்தை வீணாக்க வேண்டும் என்று பழக்கத்தைத் தனித்தனியாகப் பிரித்துவிட்டார். ஒவ்வொரு பேச்சுக்கும் ஒவ்வொரு அறை, ஒவ்வொரு நாள். வாளி ஸ்டோருக்குப் போயிற்று. நாங்கள் பெஞ்சை விட்டு எழுந்தோம். ஒன்றுதானா, வேறயா என்று கேட்க ஆள் இல்லாமல் போயிற்று.

பிறகு இராமநாதபுரத்தில் ஒரு கூட்டம் வந்தது. ஐஸ் பாக்டரி வைக்கப் போகிறவர்கள், இஞ்சின் வைத்த படகுக்கு மனுப் போட்டவர்கள், அவர்களுக்குக் கடன் கொடுக்கிற அதிகாரிகள் எல்லாம் வருகிறார்கள். பேசுவதற்கு நம் சாரைத்தான் பொறுக்கினார்கள், அப்போது அவர்தான் நன்றாகப் பேசுகிறவர் என்று பெயர். ரயிலில் விளக்குப் பெட்டியைக் காலடியில் வைத்து, சீசாவை மடியில் வைத்துக்கொண்டு போனேன். உச்சிப்புளியில் ஏறின ஒருவர், “மருந்தாண்ணே?” என்று கேட்டார். “இறால் குஞ்சு” என்றேன். “இதுக்கு டிக்கெட் எடுத்தீகளா?” என்றார். சாரும் நானும் சிரித்துக்கொண்டேதான் போனோம்.

கூட்டம் நடந்த ஹாலில் ஜன்னலை அடைத்து இருட்டாக்கியிருந்தார்கள். சார் சீசாவை வாங்கி என் விளக்குக்கு முன்னால் பிடித்தார். திரையில் ஒவ்வொரு குஞ்சும் ஆள் உயரத்துக்குத் துள்ளியது. நாற்காலியில் சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

“இதெல்லாம் நாளைக்கு வெளிநாட்டுக் கப்பல்ல ஏறப்போற சரக்கு” என்று ஆரம்பித்தார்.

தொட்டில் கதை வரவில்லை. நம் வடகடலைப் போல இறால் விளைகிற கடல் இந்தப் பக்கத்தில் இல்லை, அது சும்மா கிடக்கிறது, கரையில் நின்று இழுக்கிற வலைக்கு எட்டாததெல்லாம் இஞ்சினுக்கு எட்டும் என்று போயிற்று பேச்சு. நன்றாகத்தான் பேசினார். கேட்கிறவன் கையில் என்ன இருக்கிறதோ அதிலிருந்துதான் தொடங்கினார்.

“அந்த இடம் சரியா எங்கன இருக்கு சார்?” என்று ஒரு வியாபாரி கேட்டார்.

அடுத்த படம் என்று எனக்குச் சைகை காட்டினார். வரைபடத்தைச் செருகினேன். குச்சி நம் கோயிலுக்கு நேரே போய் நின்றது. “இதுதான். கண்டுபிடிக்கிறது சுலபம். ஒரு கொம்பு நட்டிருக்கும், உச்சியில நீலத் துணி. தூரத்துலேருந்தே தெரியும்.”

 கையைச் சட்டைப் பைக்குள் விட்டேன். அந்தப் பழைய சிப்பி அங்கேயே கிடந்தது. அதை எடுத்து எதில் போடுவது? புரியாத இடத்துக்குத்தான் எங்களுக்குச் சிப்பி கொடுத்திருந்தார்கள். எனக்கு எல்லாம் புரிந்தது. நன்றாகப் புரிந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

கடைசியில் ஒன்று சொன்னார், அதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நானும் அவரைப் போலத்தான் ஆவேன். “புல்லுக்குள்ள போகாம ஓரமா இழுத்தா நீண்ட நாளைக்கு நல்லது” என்றார். அதற்குள் காப்பி வந்துவிட்டது. எல்லாரும் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள்.

திரும்பும்போதும் ரயிலில் சீசா என் மடியில்தான் இருந்தது. அவர்தான் கேட்டார். “என்னப்பா, பேச்சு எப்படி?”

“ஒரே சீசாதான் சார் ரெண்டு இடத்துலயும்.”

“ஆமா. அதுக்கென்ன?”

“எங்கண்ணன் நட்ட கொம்ப அடையாளம் சொல்லிட்டீக.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் எங்கேயாவது பொய் சொன்னேனா? நீயே சொல்லு.”

“இல்ல சார்.”

“அது ஒரு கூட்டம், இது ஒரு கூட்டம். கேக்குறவங்களுக்குத் தக்கபடி சொல்லணும்னு உங்க பெஞ்சுதானே எனக்குக் கத்துக்கொடுத்துச்சு?”

அவர் என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. நன்றியோடுதான் சொன்னார். அதுதான் இன்றைக்கும் ஆறாமல் கிடக்கிறது.

அடுத்த கச்சானில் இஞ்சின் போட்டுகள் வந்தன. நேரே கொம்பைப் பார்த்து வந்தன. கொம்பைச் சுற்றிச் சுற்றி இழுத்தன. புல் கொத்துக் கொத்தாகப் பிய்ந்து கரையில் ஒதுங்கிக் காய்ந்து நாறியது. நம் ஆட்கள் கரையில் நின்று பார்த்தார்கள். நம் கரைவலை மட்டும் அங்கே போகவில்லை. கட்டு இருக்கிறதே. படியில் நின்று சொன்ன மூன்று பேரும் மறுபடி சேர்ந்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் கடலே கொம்பைச் சாய்க்க வேண்டும்.

பெரியய்யா பூசைக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு என் ஆபீஸ் கேட்டுக்கு வந்தார். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. நான் ஓடி வந்தேன்.

“சார வரச் சொல்லுலே. படியில வந்து ஒருக்காச் சொல்லட்டும். அவரு வாக்குக் குடுக்கல, நான்தான் தப்பா வாங்கிக்கிட்டேன்னாச்சும் சொல்லட்டும். நான் தலையக் குனிஞ்சுக்கிறேன். ஊரு வலை போடட்டும்.”

சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் டெல்லிக்குப் போகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். பேசுவதில் கெட்டிக்காரர் என்று அங்கே ஒரு பெரிய வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கேட்டுவிட்டு வருத்தப்பட்டார். நிஜமாகவே வருத்தப்பட்டார். “என்கிட்ட என்ன அதிகாரம் இருக்குப்பா? நீயே போய்ப் பக்குவமா எடுத்துச் சொல்லேன். உங்க ஊர்தானே, உனக்கு நல்லா வரும்” என்றார்.

புதிதாக வந்த தலைமை அதிகாரியின் அறை வாசலில் போய் நின்றேன். “மேசையெல்லாம் தொடச்சாச்சா?” என்று கேட்டார். அவ்வளவுதான்.

ஆபீஸ் கேட் வாசலுக்குத் திரும்பி வந்தேன். பெரியய்யா என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டார். நான் வாயைத் திறந்தபோது கையைக் காட்டி நிறுத்தினார். “நீயும் நல்லாப் பேசுவ. அதெல்லாம் வேணாம். நீ கூட்டியாந்த ஆளுலே அவரு. இனி எங்க வாசப்பக்கம் வராத.”

அவ்வளவுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது. ஊர் அவரை விடவில்லை. கரையில் நடந்தால், “வழி விடுங்கலே, ஆபீசரு வாராரு” என்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் படிப்பக்கம் திரும்பாமல் பக்கவாசல் வழியாகப் போகத் தொடங்கினார். சாரைத் திருப்பிக் கொண்டுவரவும் முடியாது, தனியாகக் கட்டை அவிழ்க்கவும் முடியாது. அவரை மீறி வலை போட ஊருக்கும் மனசில்லை. திட்டை மற்றவன் வாரிக்கொண்டு போக, கட்டுப்பட்டவன் பட்டினி கிடந்தான்.

இதுதான் பிள்ளைகளா. நன்றாகப் பேசுகிறவனைப் பார்த்து மயங்காதீர்கள் என்று புத்தி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்களும் நாளைக்குப் படித்து நாலு பேர் முன்னால் பேசத்தான் போகிறீர்கள், பேசத்தான் வேண்டும். ஆனால் இங்கே பேசியதை அங்கே இருக்கிறவனும் அங்கே பேசியதை இங்கே இருக்கிறவனும் கேட்கிற மாதிரி ஒரு பெஞ்சைப் பக்கத்தில் போட்டுக்கொள்ளுங்கள். அது இல்லாமல் போனதைத்தான் நான் பார்த்தேன். அன்று பள்ளிக்கூடத்தில் அந்த ஆபீசரும் ஒரு கண்ணாடிச் சீசாவைத் தூக்கிப் பிடித்தார். என்னால் உட்கார முடியவில்லை.

சார் ரயிலேறிப் போன மறு வாரம், பொழுது விடிகிற நேரத்தில் கடல் வற்றியிருந்தது. உங்கள் அம்மா அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். நான் வெளிக்குப் போகிறவன் மாதிரி எழுந்து கரைக்குப் போனேன். ஆள் இல்லை. இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து திட்டுக்குப் போனேன். கொம்பு ஆழமாகத்தான் இறங்கியிருந்தது. இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்து அசைத்துப் பிடுங்கினேன். அடியில் சேறு புகையாகக் கிளம்பியது. நீலத் துணியின் முடிச்சில் கை வைக்கவில்லை. கடல் முடிச்சை அவிழ்க்காது. கொம்பைத் தண்ணீரிலேயே தள்ளிக்கொண்டு வந்து, நம் வலைகள் கிடக்கிற இடத்துக்கு நேரே அலை ஒதுக்கிவிட்ட மாதிரிக் குறுக்காகப் போட்டு, பிய்ந்துகிடந்த புல்லை அள்ளி அதன்மேல் கொஞ்சம் சுற்றிவிட்டேன். மணலில் கால்தடம் விழக் கூடாது என்று தண்ணீருக்குள்ளேயே கோயிலைத் தாண்டி நடந்து, அந்தப் பக்கம் கரையேறினேன். வேட்டியைப் பிழிந்து கட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போய் மேசைகளைத் துடைத்தேன்.